நாயோடு குடும்பமாக ஒரு நாள் மலைநடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் ஏறத் தொடங்கி, இருட்டுவதற்குள் இறங்கிவிடும் மலைநடை. பெரியவர்கள், பிள்ளைகள், கூடவே வீட்டு நாய். இப்படிக் கிளம்பும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குக் கால் வலித்தால் வாய்விட்டுச் சொல்லும், அழும், பாதையிலேயே உட்கார்ந்துகொள்ளும். நாய் அப்படியில்லை. நாம் நடக்கிறவரை அதுவும் நடக்கும். முடியாமல் போகும் கட்டத்தைத் தாண்டியும் நடக்கும். அதனால் அன்றைய நடையின் வேகம், தூரம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் நாயைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் நாய்க்கு மலை ஏறும் தெம்பு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது தினமும் எவ்வளவு நடக்கிறது என்று பாருங்கள். காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் தெருவில் நடக்கிற நாயை, திடீரென்று ஒரு நாள் ஆறு மணி நேரம் மேட்டில் நடக்க வைப்பது நியாயமில்லை. சோபாவுக்கும் வாசலுக்கும் இடையே பறந்து திரிகிற துறுதுறுப்பைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அது ஐந்து நிமிட வேகம். மலைக்கு வேண்டியது நின்று நிதானமாக நடக்கிற தெம்பு.

நான்கைந்து வாரம் முன்பிருந்தே விடுமுறை நாள் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். படிக்கட்டோ மண்மேடோ சரளைப் பாதையோ, ஏற்ற இறக்கம் இருந்தால் சரி. மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, மறுநாள் காலை நொண்டாமல், உடம்பு இறுகாமல், வழக்கம்போல எழுந்து வந்தால், ஒரு சுலபமான மலைப்பாதைக்கு அது தயார் என்று வைத்துக்கொள்ளலாம். எடையையும் பாருங்கள். விலாவில் விரலை லேசாக வைத்தாலே எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் முதலில் எடையைக் குறைப்போம், மலை எங்கும் போய்விடாது.

ஆறு மாதக் குட்டியைக் கூட்டிப் போகலாமா?

நீண்ட நடைக்கு வேண்டாம். குட்டியின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்கான மென்மையான பகுதி இருக்கும். அது கெட்டிப்படும் முன் மேடு பள்ளத்தில் மணிக்கணக்காக நடப்பதும் பாறையிலிருந்து குதிப்பதும் மூட்டைப் பாதிக்கலாம். சிறிய இனங்களுக்கு இது ஏறக்குறைய ஒரு வயதுக்குள் முடிந்துவிடும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய இனங்களுக்கு 14 முதல் 18 மாதம் வரை ஆகும். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களுக்கு அதற்கும் மேல். அதுவரை சமதரையில், அதன் விருப்பப்படி நின்று நின்று நடக்கிற சிறிய நடை போதும்.

வயதான நாய்?

கால்நடை மருத்துவரிடம் இதயத்தையும் மூட்டையும் ஒருமுறை காட்டிவிட்டுப் போகலாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் அதற்குக் கஷ்டம்; முன்னங்கால்களும் தோள்களும் எடையின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியிருக்கும். மலையுச்சி வரை போயே ஆக வேண்டும் என்றில்லாமல், அடிவாரக் காட்டுப் பாதையில் இரண்டு மணி நேரம் மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்தாலே அதற்குப் பெரிய திருவிழா.

பக், புல்டாக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள்?

இவற்றை மலைநடைக்குக் கூட்டிப் போக வேண்டாம் என்றே சொல்வேன். நாய் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலம்தான். சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதையே குறுகல். சாதாரண வெயிலில் தெருமுனை வரை போய்வருவதே சிலவற்றுக்குச் சிரமம். குளிர்ந்த காலையில், சமதரையில், குறைந்த தூரம் என்றால் சரி.

எவ்வளவு தூரம் திட்டமிடலாம்? நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஸ்காட்லாந்தின் மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு ஒரு எளிய கணக்கைச் சொன்னார். இன்றும் அதைத்தான் பலர் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 8 கிலோமீட்டர் தூரம், 450 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி இருபது நிமிடம்.

ஆனால் இது நல்ல பயிற்சி உள்ள பெரியவர், நிற்காமல் நடந்தால் ஆகிற நேரம். பிள்ளைகளும் நாயும் இருந்தால் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். சாப்பிட, தண்ணீர் குடிக்க, ஒரு வண்டைப் பார்த்து மொத்தக் குடும்பமும் குனிந்து நிற்க என்று நேரம் போய்க்கொண்டே இருக்கும். ஆக, மேலே சொன்ன பாதைக்கு ஐந்து மணி நேரம். முதல் தடவைக்கு இதுவே அதிகம்; நான் பாதி தூரத்தில்தான் தொடங்கச் சொல்வேன்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தையும் பேசி முடிவுசெய்துவிடுங்கள். "ஒரு மணி ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்" என்று பிள்ளைகளிடம் காலையிலேயே சொல்லிவிட்டால், உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று வாக்குவாதம் வராது.

எல்லா மலைப்பாதைகளிலும் நாய்க்கு அனுமதி உண்டா?

இல்லை. தேசியப் பூங்காக்களிலும் வனவிலங்குச் சரணாலயங்களிலும் பல இடங்களில் நாய்க்கு அனுமதியே கிடையாது. வேறு சில இடங்களில் கயிற்றோடு மட்டும் அனுமதிப்பார்கள். பறவைகள் தரையில் கூடு கட்டும் மாதங்களில் மட்டும் தடை போடுகிற இடங்களும் உண்டு. இதற்குக் காரணம் இருக்கிறது. நாயின் வாசனையே மானையும் முயலையும் விரட்டும். நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் பரவும். நாயைத் தேடி வருகிற பெரிய விலங்கும் இருக்கலாம். அந்தப் பகுதியை நிர்வகிக்கிற அலுவலகத்திடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "போன வருஷம் நாங்கள் கூட்டிப் போனோம்" என்று யாரோ சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எந்தத் தடுப்பூசிகள் தேவை?

வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். பார்வோ, டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான வழக்கமான ஊசிகளும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். மலைக்குப் போகிற நாய்க்கு லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலும் ஈர மண்ணிலும் இந்த நோயின் கிருமி இருக்கும், நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். முதல் முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டியிருக்கும். அதனால் கிளம்புகிற வாரத்தில் போய் நிற்காதீர்கள். உண்ணி மருந்தும் அப்படித்தான், முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

கயிறு இல்லாமல் விடலாமா? எங்கள் நாய் கூப்பிட்டால் வந்துவிடும்.

வீட்டில் வரும், பூங்காவில் வரும். முன்னால் ஒரு முயல் பாய்ந்து ஓடும்போது வருமா என்பதுதான் கேள்வி. அந்த நொடியில் நாயின் காதில் உங்கள் குரல் விழாது. மலையில் அது ஓடுகிற திசையில் சரிவு இருக்கலாம், பாறை விளிம்பு இருக்கலாம். நாய் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிற பிள்ளைக்கும் அதே விளிம்புதான். குடும்பத்தோடு போகும்போது கயிற்றை அவிழ்க்காமல் இருப்பதே சரி.

ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரண கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்குகிற வகை மலைக்கு ஆகாது. புதரில் சிக்கும், பிள்ளைகளின் காலைச் சுற்றி இழுக்கும். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கோப்பதைவிட மார்பைச் சுற்றிய ஹார்னஸில் கோப்பது நல்லது. சறுக்கினால் கழுத்து நெரியாது. முதுகில் கைப்பிடி உள்ள ஹார்னஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்; உயரமான பாறைப் படியில் நாயைத் தூக்கிவிட அந்தக் கைப்பிடியின் அருமை தெரியும். புது ஹார்னஸை அன்றைக்குத்தான் முதல் முறையாக மாட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். முன்னங்காலின் அக்குளில் உராய்ந்து தோல் உரிந்துவிடும். சில வாரம் சாதாரண நடையில் போட்டுப் பழக்குங்கள்.

இடுப்பில் கட்டிக்கொள்கிற கயிறு ஏற்றத்தில் வசதி. இறக்கத்தில் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். நாய் ஒரு இழு இழுத்தால் உங்களையும் கீழே கொண்டுபோய்விடும்.

பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆசைப்படுகிறான். கொடுக்கலாமா?

அகலமான, சமமான பாதையில், பெரியவர் பக்கத்தில் நடக்கும்போது தாராளமாகக் கொடுங்கள். அந்தப் பொறுப்பே பிள்ளையை அடுத்த ஒரு கிலோமீட்டர் முணுமுணுக்காமல் நடக்க வைக்கும். ஆனால் கயிற்றின் வளையத்தை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது, உள்ளங்கையில் மட்டும் பிடிக்க வேண்டும். நாய் பாய்ந்தால் விட்டுவிடலாம் என்றும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். சரிவு, விளிம்பு, ஓடை, ஆடு மாடு எது வந்தாலும் கயிறு பெரியவர் கைக்கு மாறிவிட வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

நாய்க்கு எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்?

சும்மா இருக்கிற நாளிலேயே நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டருக்கு மேல் வந்துவிடுகிறது. மலை ஏறினால் தேவை இன்னும் கூடும். அந்த அளவு நாய்க்கு ஒன்றரை லிட்டர் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், வெயில் என்றால் இரண்டு. உங்கள் தண்ணீரில் பங்கு கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், திரும்பும் வழியில் யாருக்கோ குறையும். அது பெரும்பாலும் நாயாகத்தான் இருக்கும்.

மடக்கு கிண்ணத்தில் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். பரபரப்பில் சில நாய்கள் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அப்படியானால் எல்லோரும் உட்காருங்கள், பிள்ளைகளும் பாட்டிலைத் திறந்து குடிக்கட்டும். கூட்டமே நின்றுவிட்டது என்று தெரிந்ததும் நாய் மெல்ல வந்து குடிக்கும்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடலாமா?

தேங்கிய நீர் கூடவே கூடாது. அதிலும் பச்சையாக, பெயிண்ட் கொட்டியதுபோல ஆடை படிந்திருந்தால் நாயைப் பக்கத்திலேயே விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி சில வகைகளின் நச்சு, சிறிது நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடக்கூடியது. நனைந்த ரோமத்தை நக்கினாலும் ஆபத்துதான். ஓடுகிற தெளிந்த நீரிலும் ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் இருக்கலாம். தாகம் தீர உங்கள் பாட்டிலிலிருந்து குடித்துவிட்டால், ஓடையில் நின்று காலையும் வயிற்றையும் நனைத்துக்கொள்ளட்டும்.

காலையில் நாய்க்கு என்ன சாப்பாடு, எப்போது?

முந்தைய இரவு வயிறு நிறைய. கிளம்பும் காலையில் கொஞ்சமாக, நடை தொடங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே. வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடுவது, குறிப்பாக மார்பு ஆழமான பெரிய நாய்களுக்கு, நல்லதல்ல. வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நிலை அந்த நாய்களுக்குத்தான் அதிகம் வரும். வந்தால் உயிர் பிழைக்க உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். மலைக்குப் போகும் வழியெல்லாம் வளைவு என்றால் நிறைந்த வயிறு காரிலேயே வெளியே வந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடையின்போது அதன் வழக்கமான உணவையே சின்னச் சின்னப் பிடியாகக் கொடுங்கள். புதிதாக எதையும் அன்றைக்கு முயன்று பார்க்க வேண்டாம்.

நாங்கள் சாப்பிடுவதைக் கொடுக்கலாமா?

பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். மலைநடைக்கென்று நாம் எடுத்துப் போகிற நொறுக்குகளில் பாதி நாய்க்கு விஷம். சாக்லேட் இதயத்தையும் நரம்பையும் பாதிக்கும், கறுப்பு நிறம் கூடக்கூட ஆபத்தும் கூடும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். வெங்காயமும் பூண்டும் ரத்த சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கலாம்; அது அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக இறக்கிவிடும். உலர்திராட்சையும் சாக்லேட்டும் கலந்த பருப்புப் பொட்டலத்தை நாயின் வாய்க்கு எட்டுகிற பைப்பக்கத்தில் வைக்காதீர்கள். நாய் இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, எதை, எவ்வளவு என்று சொல்லுங்கள்.

நாய் களைத்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கயிற்றைக் கவனியுங்கள். கிளம்பும்போது நாய் முன்னால், கயிறு முன்பக்கம் விறைப்பாக. கொஞ்ச நேரத்தில் நாய் உங்கள் பக்கத்துக்கு வந்து கயிறு தொய்ந்து தொங்கும். அதுதான் நல்ல நிலை. கயிறு பின்பக்கம் திரும்பத் தொடங்கினால், நீங்கள் ஒரு காலடி வைத்து, அது லேசாக இழுபட்டு, நாய் பின்னாலிருந்து வருகிறது என்றால், உட்கார வேண்டிய நேரம் வந்துவிட்டது. இப்படியே இரண்டாவது முறையும் நடந்தால் திரும்ப வேண்டிய நேரம்.

இன்னும் சில விஷயங்கள் கண்ணில் படும். காலையில் ஒவ்வொரு புதரையும் முகர்ந்த நாய் இப்போது எதையும் முகராமல் தலையைத் தாழ்த்தி நடக்கும். வால் இறங்கியிருக்கும். நிழல் கண்ட இடமெல்லாம் நிற்கும். நீங்கள் நிற்பதற்குள் பொத்தென்று படுத்துக்கொள்ளும், எழுப்பினால் பின்னங்காலை யோசித்து யோசித்து எடுத்து வைக்கும். முன்பு ஒரே தாவலில் ஏறிய உயரமுள்ள கல்லின் முன் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும்.

அந்தப் பார்வையை "சோம்பேறி, வா வா" என்று இழுத்துத் தாண்டிவிடாதீர்கள். நம்மோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஏறியதில் பாதிக்குமேல் தெம்பு போய்விட்டால், இறங்க மிச்சம் இருக்காது. உச்சி நூறு மீட்டரில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

இரைப்பு எது சாதாரணம், எது ஆபத்து?

ஏற்றத்தில் இரைப்பது சாதாரணம். நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் குறைந்துவிட வேண்டும். குறையாமல் சத்தத்தோடு நீடித்தால், நாக்கு அகன்று நீண்டு தொங்கினால், எச்சில் பிசினாக வழிந்தால், ஈறு அடர்சிவப்பாக இருந்தால், கண் எங்கோ வெறித்தால், நடை தள்ளாடினால், வாந்தி எடுத்தால், அது வெப்பத்தாக்கு. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்கும். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். கடும் வெயில்தான் வேண்டும் என்றில்லை. புழுக்கமான, மேகம் மூடிய நாளிலும் ஏற்றத்தில் இது வரும். இரைப்பதால் நாக்கு ஈரம் ஆவியாகித்தான் உடம்பு குளிர வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது நடக்காது.

என்ன செய்வது: உடனே நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோங்கள். முதலில் குளிர வைக்க வேண்டும், தூக்கிச் செல்வது அப்புறம். இருக்கிற தண்ணீரை வயிறு, தொடை இடுக்கு, அக்குள், மார்பு என்று ரோமத்தை விலக்கித் தோல்வரை நனைகிற மாதிரி ஊற்றுங்கள். தொப்பியாலோ பிள்ளையின் சட்டையாலோ விசிறிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் ஓடை இருந்தால், நாய் நினைவோடு இருந்தால், தலையை மேலே தூக்கிப் பிடித்தபடி அதில் நிறுத்தலாம். ஈரத்துண்டால் போர்த்தாதீர்கள், சூடு உள்ளேயே நின்றுவிடும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரைப்பு அடங்கத் தொடங்கியதும் கீழே இறங்கி, எழுந்து நடந்தாலும் சரி, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரகப் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

ஈறைப் பார்க்கச் சொல்கிறார்களே, எப்படி?

மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே ஈறில் விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பத் தாமதித்தாலோ, ஈறு வெளிறியோ நீலம் பாரித்தோ இருந்தாலோ ரத்த ஓட்டம் சரியில்லை. ஈறு பிசுபிசுவென்று ஒட்டினால் நீர்ச்சத்து குறைந்திருக்கிறது. வீட்டில் நாய் நிம்மதியாகப் படுத்திருக்கும்போது செய்து பழகுங்கள். அதன் வழக்கமான நிறம் உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் மலையில் வித்தியாசம் தெரியும். சில நாய்களுக்கு ஈறே கறுப்பு. அப்போது கீழ் இமையின் உட்புறத்தைப் பார்த்து நிறத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

பாதத்துக்குக் காலணி போட வேண்டுமா?

பழகாத நாய்க்கு அது உபத்திரவம்தான். கூரான சரளைக்கல், பனி, கொதிக்கும் பாறை என்றால் தேவை. சாதாரண மண்பாதைக்கு வேண்டாம். பாறை சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் சூடுதான்.

ஒவ்வொரு ஓய்விலும் நான்கு பாதங்களையும் கையில் எடுத்து விரலிடுக்குவரை பாருங்கள். இதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம், ஆளுக்கு இரண்டு கால். முள், சிறு கல், கூரான புல்விதை இருக்கும். புல்விதை ஒரு பக்கமாகவே நகர்கிற அமைப்பு உடையது. ரோமத்தில் நுழைந்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும். காதிலும் போகும், திடீரென்று தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால் அதுவாக இருக்கலாம். பாதத் தோல் உரிந்திருந்தால் கழுவி, ஒட்டாத பஞ்சுத்துணி வைத்து, மேலே சுற்றுத்துணி கட்டி, அதன்மேல் ஒரு பிள்ளைக் காலுறையை மாட்டிவிடுங்கள். அதற்காகவே பையில் ஒரு பழைய காலுறை இருக்கட்டும்.

நாய்க்கும் ஒரு பை மாட்டி அதன் பொருட்களைச் சுமக்க விடலாமா?

வளர்ந்த, ஆரோக்கியமான நாய் என்றால் சரி. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் தொடங்குங்கள், இருபக்கமும் சம எடையாக. வெயில் நாளில் முதுகை மூடுகிற பை வேண்டாம்.

பாதி வழியில் மனம் மாறி நாயைக் காரிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

கூடாது. வெளியே 22 டிகிரி இருந்தாலே, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 40ஐத் தாண்டிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. யாராவது ஒருவர் நாயோடு கீழே தங்கிவிடுங்கள்.

மழை, இடி வந்தால்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். நனைந்த உடம்பு, காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்தால் பிள்ளைக்கும் குட்டை ரோம நாய்க்கும் சீக்கிரம் உடல் சில்லிட்டுவிடும். ஒரு துண்டும் மெல்லிய போர்வையும் எப்போதும் பையில் இருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கிறது. முகட்டிலிருந்தும் தனி மரத்தடியிலிருந்தும் விலகி இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மறுபடி ஏற வேண்டாம். இடிக்குப் பயந்து நாய்கள் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடுவது இந்த நேரத்தில்தான். கயிற்றை இரட்டைப் பிடியாகப் பிடியுங்கள்.

மேய்கிற மாடுகள் வழியில் நின்றால்?

சுற்றிப் போங்கள். கன்றோடு இருக்கிற பசு நாயை ஓநாயாகத்தான் பார்க்கும். நடுவே புகாதீர்கள், பசுவுக்கும் கன்றுக்கும் இடையில் போகவே போகாதீர்கள். மீறி மாடு துரத்தி வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய் மேல்தான். நாய் ஓடித் தப்பிவிடும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர்தான் மாட்டிக்கொள்வார். கயிற்றை அவிழ்க்காதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

பாம்பு கடித்துவிட்டால்?

நாயை நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு, முடிந்த அளவு அசைக்காமல், கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். வழியிலேயே போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். முகத்திலோ கழுத்திலோ கடித்திருந்தால் வீங்கும் முன் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடிப் போகவும் வேண்டாம்.

இதை ஒட்டி ஒரு கேள்வி எழும்: உங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் இறங்க முடியும்? 30 கிலோ நாயை ஒருவர் அரை மணி நேரம் சுமப்பதே பெரிய பாடு. பெரிய துண்டு ஒன்றைத் தூளிபோல வைத்து இரண்டு பெரியவர்கள் தூக்கலாம். எவ்வளவு தொலைவு ஏறுவது என்று முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கையும் போடுங்கள்.

முதலுதவிப் பையில் நாய்க்கென்று என்ன சேர்க்க வேண்டும்?

சுற்றுத்துணி, ஒட்டாத பஞ்சுத்துணி, கூர்முனை இடுக்கி, கிருமிநாசினி, ஒரு துண்டு, பழைய காலுறை, மருத்துவரின் தொலைபேசி எண். நம்முடைய வலி மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபூப்ரோஃபன் சின்ன அளவிலும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமாலும் ஆபத்துதான். மனிதர்கள் பூசும் கொசுவிரட்டியையும் நாய்க்குத் தடவக் கூடாது. வலியில் இருக்கிற நாய் சொந்தப் பிள்ளையையே கடிக்கும் என்பதால், காயத்தைப் பார்க்கும்போது பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

நாய் காணாமல் போனால்?

பட்டையில் உங்கள் தொலைபேசி எண் பொறித்த தகடு இருக்கிறதா என்பதைக் காலையிலேயே பாருங்கள். தொலைந்துவிட்டால் எல்லோரும் ஆளுக்கொரு திசையில் ஓடக் கூடாது, பிள்ளைகளும் தொலைவார்கள். கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவர் நிற்கட்டும், நாய் தன் வாசனையைப் பிடித்தே அங்கே திரும்ப வாய்ப்பு அதிகம். இருட்டிவிட்டால் உங்கள் வியர்வை பட்ட சட்டை ஒன்றையும் கொஞ்சம் தண்ணீரையும் அங்கே வைத்துவிட்டு இறங்கி, அந்தப் பகுதி அலுவலகத்தில் சொல்லிவிட்டு, விடிந்ததும் வாருங்கள்.

காட்டில்தானே, நாயின் மலத்தை அப்படியே விட்டுவிடலாமே?

விடக் கூடாது. பையில் எடுத்துக் கீழே கொண்டுவாருங்கள். நாய் தின்பது கடைத் தீனி. அதன் கழிவு அந்தக் காட்டுக்குரியதல்ல, அதிலுள்ள ஒட்டுண்ணிகள் ஓடைக்குப் போகும். பையில் கட்டிப் பாதையோரம் வைத்துவிட்டு வரும்போது எடுக்கலாம் என்று நினைப்பவர்களில் பலர் எடுப்பதில்லை. மூடி இறுகிய சிறு டப்பா ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டால் வாடை வராது.

எதிரே வருபவர்கள் நாயைப் பார்த்துப் பயந்தால்?

நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். பாதையின் ஓரத்துக்குப் போய், நாயைச் சரிவுப் பக்கம் விடாமல் மேட்டுப்பக்கம் உட்கார வைத்து, கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, அவர்கள் கடந்துபோகிறவரை நில்லுங்கள். "ஒன்றும் செய்யாது" என்று சொல்வதால் யாருக்கும் பயம் போனதில்லை.

வீடு திரும்பியதும் என்ன செய்ய வேண்டும்?

குளிப்பாட்டும் முன் உண்ணி தேடுங்கள். காது மடிப்பு, இமையோரம், கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு, வாலடி. ரோமத்துக்கு எதிர்த்திசையில் விரல்நுனியால் தடவினால் சின்னப் பருப்புபோல் தட்டுப்படும். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுத்தெடுங்கள். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது வேண்டாம். பிள்ளைகளின் தலைமுடி ஓரத்தையும் முழங்கால் பின்புறத்தையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

இரவு சாப்பாட்டை ஒரேயடியாகக் கொட்டாமல், ஒரு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, இரண்டு தடவையாகக் கொடுங்கள். மறுநாள் கொஞ்சம் விறைப்பாக எழுந்தால் பரவாயில்லை, சின்ன நடை போதும். இரண்டு நாளுக்கு மேல் நொண்டினால் காட்டுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பிட மறுப்பது, வாந்தி, மஞ்சள் படர்ந்த கண், ஈறு வெளிறுவது, சிறுநீர் நிறம் மாறுவது எது தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள். போகும்போது எந்த மலை, என்ன தேதி, எந்த நீரில் இறங்கியது, உண்ணி இருந்ததா என்பதையும் சொல்லுங்கள்; எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது என்று முடிவெடுக்க அது அவருக்கு உதவும்.